400–450 சிசி நேக்கட் வண்டியை எதை வைத்து மதிப்பிடுவது? ஸ்பீட் 400, கெரில்லா 450 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்

மேடவாக்கம்150 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது வருடமாக ஒரே 150 சிசி வண்டி. 92,000 கிமீ தாண்டிவிட்டது, இன்னும் ஓடுகிறது. திருமணத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை இருவருமாக ஊருக்கு, திருவண்ணாமலைக்குப் போய் வருகிறோம், ஒரு வழிக்கு ஏறக்குறைய 180 கிமீ. பின்னால் ஆளும் பையும் இருக்கும்போது ஒரு லாரியை முந்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. இனி கொஞ்சம் பெரிய வண்டி வேண்டும்.

வார நாட்களில் மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி, போக வர 35 கிமீ. என் உயரம் 168 செமீ, எடை 70 கிலோ. குனிந்து ஓட்டும் வண்டி வேண்டாம், அட்வெஞ்சர் வண்டியின் உயரமும் வேண்டாம். ஃபேரிங் என்ற காற்று மறைப்பு இல்லாத (அதுதான் நேக்கட்), நேராக உட்கார்ந்து ஓட்டும் ரோட்ஸ்டர் போதும். தேடித் தேடி ட்ரையம்ப் ஸ்பீட் 400, ராயல் என்ஃபீல்டு கெரில்லா 450 என்ற இரண்டில் வந்து நிற்கிறேன். இரண்டையும் டெஸ்ட் ரைடு எடுத்தேன். ஷோரூமைச் சுற்றி ஒரு 3 கிமீ, பின்னால் ஷோரூம் பையன் உட்கார்ந்து வந்தார். இரண்டுமே பிரமாதம் என்று தோன்றியது. 150 சிசியிலிருந்து போகிறவனுக்கு எதுவுமே பிரமாதமாகத்தான் தோன்றும் போலிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டாம்கியர் எழுதியது:

நண்பரே, உங்கள் கடைசி வரியில் விஷயம் இருக்கிறது. 40 பிஎஸ் (குதிரைத்திறன்) வண்டியில் முதல் பத்து நிமிடம் யாருக்கும் தலைகால் புரியாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பலர் அட்வான்ஸ் கட்டிவிடுகிறார்கள். நானும் அப்படி ஒருமுறை கட்டியவன், அதனால் சொல்கிறேன்.

நெடுஞ்சாலையில் 100இல் போவதை மறந்துவிடுங்கள். இந்த வகை வண்டி எல்லாமே 100இல் சுகமாகப் போகும். உங்கள் வாழ்க்கை 15இலிருந்து 40க்குள் நடக்கிறது. பெரும்பாக்கம் சாலையில் காலை ஒன்பது மணிக்கு நீங்கள் எந்த வேகத்தில் போவீர்கள்? அந்த வேகத்தில் பாருங்கள். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சைத் தொடாமல் 15 கிமீ வேகத்துக்கு இறக்குங்கள். பிறகு மெதுவாகத் திராட்டிலைத் திறங்கள். வண்டி அமைதியாக இழுக்கிறதா, அல்லது உதறிக்கொண்டு முதல் கியரைக் கேட்கிறதா? உதறினால் தினமும் நூறு முறை ஹாஃப் கிளட்ச் பிடிக்கப் போகிறீர்கள். இடது மணிக்கட்டு மாலையில் வலிக்கும்.

அடுத்து வெப்பம். டெஸ்ட் ரைடை மாலை ஐந்து மணிக்குக் கேட்காதீர்கள், பகல் இரண்டு மணிக்குக் கேளுங்கள். இரண்டுமே லிக்விட் கூல்டு சிங்கிள் சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்து சூடான காற்றை வெளியே தள்ளும். அந்தக் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள்: முழங்காலுக்குக் கீழா, தொடைக்கா, வெளிப்பக்கமா? ஃபேன் சுற்றும்வரை நின்று பார்க்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அப்புறம் யூ டர்ன். இரண்டு லேன் சாலையில் காலை ஊன்றாமல், கைப்பிடியை முழுக்க ஒடித்துத் திரும்ப முடிகிறதா பாருங்கள். கடைசியாக, இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளுங்கள். உங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் சரிவு இருந்தால் இது எல்லாவற்றையும் விட முக்கியம்.

சக்கரம்_ஓசூர் எழுதியது:

கேடிஎம் 390 டியூக்கைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லையே? 2023இல் வந்த மூன்றாம் தலைமுறை வண்டி 399 சிசி, 46 பிஎஸ், 39 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). 15 லிட்டர் டேங்க், கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற குயிக்‌ஷிஃப்டர், முன்னும் பின்னும் நாமே திருத்திக்கொள்ளும் சஸ்பென்ஷன். 3.11 லட்சத்துக்கு வந்தது, 2025 தொடக்கத்தில் 2.95 லட்சமாகக் குறைத்தார்கள். அந்தப் பணத்துக்கு இவ்வளவு சாமான் வேறு எதில் இருக்கிறது? விலைதான் பிரச்சினை என்றால் பல்சர் என்எஸ்400இசட். 2024 மே மாதம் 1.85 லட்சத்துக்கு வந்தது, அப்போது 373 சிசி, அதுவும் 40 பிஎஸ்தான்.

எங்கள் ஊரில் டிவிஎஸ் ஆலையில் தயாரான பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் இப்போது இந்தியச் சந்தையில் இல்லை. இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். தினம் ஆலை வாசலைக் கடந்து போன பாசம்.

மேடவாக்கம்150 எழுதியது:

சக்கரம் அண்ணா, டியூக்கில் உட்கார்ந்து பார்த்தேன். கால் பின்னால் போய் உடம்பு முன்னால் சாய்கிறது. எனக்கு 38 வயது, கழுத்தில் ஏற்கெனவே தொந்தரவு உண்டு. அற்புதமான வண்டி என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் எனக்கு இல்லை. பல்சரை இன்னும் பார்க்கவில்லை.

ரெண்டாம்கியர், நீங்கள் சொன்ன எதையுமே நான் செய்யவில்லை. வெட்கமாக இருக்கிறது. நேராகப் போனேன், வந்தேன்.

கோவைபட்டறை எழுதியது:

தம்பி, வணக்கம். நான் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ரெண்டாம்கியர் சொன்ன 15 கிமீ சோதனையில் இந்த இரண்டு வண்டிகளும் ஏன் வேறு வேறாக நடந்துகொள்கின்றன என்பதைச் சொல்கிறேன், காகிதத்திலேயே அது தெரிந்துவிடும்.

ஸ்பீட் 400இன் இன்ஜின் 398 சிசி. போர் 89 மிமீ, ஸ்ட்ரோக் 64 மிமீ. பிஸ்டன் அகலமானது, ஏறி இறங்கும் தூரம் குறைவு. இப்படிப்பட்ட இன்ஜின் சுற்றுவதற்குப் பிறந்தது. 40 பிஎஸ் 8,000 ஆர்பிஎம்மில், 37.5 நியூட்டன் மீட்டர் டார்க் 6,500 ஆர்பிஎம்மில். கெரில்லாவில் இருப்பது ஹிமாலயன் 450இல் வந்த அதே ஷெர்பா இன்ஜின், 452 சிசி. போர் 84, ஸ்ட்ரோக் 81.5. இரண்டும் ஏறக்குறைய சமம். பவர் அதே 40 பிஎஸ், அதே 8,000இல். ஆனால் டார்க் 40 நியூட்டன் மீட்டர், அதுவும் 5,500 ஆர்பிஎம்மிலேயே உச்சத்துக்கு வந்துவிடுகிறது.

உச்ச டார்க் ஆயிரம் ஆர்பிஎம் முன்னதாக வருகிறது. அதனால் ஆள் ஏறிய வண்டியை மூன்றாவது, நான்காவது கியரில் இழுக்கும்போது இரண்டாவது வண்டியில் கியர் குறைக்கும் வேலை கொஞ்சம் மிச்சமாகும். முதல் வண்டி கியரைக் குறைத்து, நன்றாகச் சுற்றவிட்டு ஓட்டினால் குதிரை மாதிரி போகும். ஒருவர் கியர் மாற்றுவதை ரசிப்பவர், இன்னொருவர் அதை வேலையாக நினைப்பவர். நீங்கள் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் கியர் தேர்வால் வருவது. 400 சிசி சிங்கிளை 30 கிமீ வேகத்தில் ஐந்தாவது கியரில் ஓட்டிவிட்டு, அதிர்கிறது, செயின் லொடலொடக்கிறது என்பார்கள். அது வண்டியின் குறை இல்லை.

சர்வீஸ் பற்றி: ஸ்பீட் 400க்கு முதல் சர்வீஸுக்குப் பிறகு 16,000 கிமீ அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. நீங்கள் சொன்ன கணக்கில் ஆபீஸ் ஓட்டம் வருடத்துக்கு 9,000, ஊர் ஓட்டம் 4,000க்கு மேல். பதிமூன்றாயிரத்துச் சொச்சம். வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றினால் சரியாகப் போய்விடும். ஆனால் செயினுக்கு அந்தக் கணக்கு கிடையாது. மழையில் நனைந்தால் அன்றே துடைத்து ஸ்ப்ரே அடியுங்கள்.

பின்சீட்டிலிருந்து எழுதியது:

இந்த இழை முழுவதையும் படித்தேன். ஒருவர்கூட அந்த வீட்டம்மாவை டெஸ்ட் ரைடுக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லை. மாதம் 360 கிமீ அவர் பின்னால் உட்காரப் போகிறார், ஷோரூம் பையன் இல்லை.

என் கணவர் முதலில் வாங்கிய வண்டியின் பெயர் வேண்டாம். ஓட்டுபவருக்குச் சொர்க்கம், எனக்கு ஒரு கையகல ரப்பர். கால் வைக்கும் இடம் உயரம், முழங்கால் மடங்கியே இருக்கும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி பெயருக்கு ஒன்று. பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் சரிந்து அவர் முதுகில் மோதுவேன். செங்கல்பட்டு தாண்டினாலே டீக்கடை தேட ஆரம்பித்துவிடுவேன். நான் ஒன்றும் சொல்லாமல் எட்டு மாதம் போனேன். அப்புறம் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் தனியாக ஓட்டிப் போனார். பதினோராவது மாதம் வண்டியை விற்றுவிட்டார், நான் கேட்டதால் அல்ல. தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்றார்.

அதனால் அண்ணா, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கமாக ஊருக்குப் போகும் உடையிலேயே வரச் சொல்லுங்கள். புடவை என்றால் புடவை. ஒரு பக்கமாக உட்கார்வாரா, இரு பக்கமும் கால் போட்டா? ஏறும்போது உங்கள் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? கால் சைலன்சர் பக்கம் போகிறதா? நல்ல பெரிய ஸ்பீடு பிரேக்கர் ஒன்றில் 25இல் ஏறி இறங்குங்கள். பிறகு வண்டியை நிறுத்தி அவரிடம் கேளுங்கள். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லாதான் இருக்கு" என்றுதான் பதில் வரும். "இதில் செஞ்சி வரைக்கும் நிறுத்தாமல் வருவாயா?" என்று கேளுங்கள்.

ரெண்டாம்கியர் எழுதியது:

சகோதரி, நான் எழுதியதில் இருந்த பெரிய ஓட்டையை அடைத்துவிட்டீர்கள். நன்றி. அந்தக் கடைசிக் கேள்வியை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

விலைப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடக்கும் பழைய எக்ஸ் ஷோரூம் விலைகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்பீட் 400 ஜூலை 2023இல் முதல் 10,000 பேருக்கு 2.23 லட்சம் என்று வந்தது, அது சரித்திரம். கெரில்லா ஜூலை 2024இல் 2.39 லட்சத்தில் தொடங்கியது. அதன் பிறகு 22 செப்டம்பர் 2025 முதல் ஜிஎஸ்டி மாறிவிட்டது. 350 சிசி வரை 18 சதவீதம். அதற்கு மேல் 40. முன்பு 350க்கு மேலே செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது. 349 சிசிக்கும் 398 சிசிக்கும் நடுவே வரியில் மட்டும் 22 புள்ளி இடைவெளி. இந்த உயர்வைச் சில கம்பெனிகள் சில காலம் தாங்களே ஏற்றன, சில விலையில் ஏற்றின. ஆகவே ஷோரூமில் அன்றைய தேதிக்கு எழுத்தில் ஆன்ரோடு விலை வாங்குங்கள்.

இன்சூரன்ஸிலும் அதே 350 கோடு உண்டு. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022இல் அறிவித்த கட்டணப்படி 150–350 சிசிக்கு 7,365 ரூபாய், 350க்கு மேல் 15,117 ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்குச் சாலை வரி 12 சதவீதம். இரண்டரை லட்சம் என்று போட்டிருக்கும் வண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது மூன்றைத் தாண்டியிருக்கும். ஹெல்மெட் இரண்டுக்கும் இப்போதே ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கொல்லிமலை70 எழுதியது:

நாமக்கல்காரன். பெயரைப் பார்த்தாலே தெரியும், எங்கள் மலையில் 70 கொண்டை ஊசி வளைவு.

இரண்டையும் மலையில் ஓட்டியிருக்கிறேன், ஸ்பீட் 400 என் தம்பியுடையது. அதன் வீல்பேஸ் (இரு சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) 1,377 மிமீ, கெரில்லாவுக்கு 1,440. அந்த 63 மிமீ வித்தியாசத்தை வளைவில் உணரலாம். தம்பி வண்டியைக் கண்ணால் பார்த்த இடத்துக்குத் திருப்பலாம், அவ்வளவு எளிது. முன்பக்கம் 43 மிமீ தலைகீழ் ஃபோர்க், நான்கு பிஸ்டன் ரேடியல் காலிப்பர். இறங்கும்போது முன் பிரேக்கை இரண்டு விரலால் பிடித்தாலே போதும். கெரில்லா கொஞ்சம் கனம், அகலமான டயர், முன்னால் 120, பின்னால் 160. வளைவில் சாய்த்த பிறகு நங்கூரம் போட்ட மாதிரி நிற்கும், ஆனால் சாய்க்க ஒரு பிடி அதிகம் தேவை. முன்னால் சாதாரண டெலஸ்கோபிக்தான், அதனால் மோசம் என்று நினைக்க வேண்டாம். உடைந்த சாலையில் எனக்கு அதுதான் மென்மையாகத் தெரிந்தது.

மழைக்காலத்தில் ஓட்டுவீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பீட் 400இல் டிராக்‌ஷன் கண்ட்ரோல் உண்டு, பின் சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும், வேண்டாமென்றால் அணைக்கலாம். கெரில்லாவில் இல்லை, எக்கோ, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு மோட் மட்டும். ஏபிஎஸ் இரண்டிலும் இரு சக்கரத்துக்கும் உண்டு. டேங்க் ஸ்பீட் 400இல் 13 லிட்டர், கெரில்லாவில் 11. லிட்டருக்கு 28 என்று வைத்தாலும் 11 லிட்டர் 308 கிமீ. ஊருக்குப் போய் வர 360. ஒரு தடவை நிரப்பித்தான் ஆக வேண்டும். திண்டிவனத்தில் பெட்ரோல் பங்குக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் தெரிந்து வாங்குங்கள்.

இரண்டுமே நேக்கட். 100க்கு மேல் காற்று நெஞ்சில் வந்து அடிக்கும். இரண்டு மணி நேரம் அப்படியே போனால் கழுத்து வலிக்கும். உங்கள் கழுத்துக்கு 85–90தான் நல்லது. அந்த வேகத்தில் ஆறாவது கியரில் கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் அதிர்வு எப்படி என்று பாருங்கள். அதற்கு 3 கிமீ போதாது. ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியாகப் பார்த்து எடுங்கள், சொந்த வண்டியை ஆன்லைனில் வாடகைக்கு விடுகிறவர்களிடம் வேண்டாம். ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம்.

சக்கரம்_ஓசூர் எழுதியது:

வாடகை நல்ல யோசனை. நான் 46 பிஎஸ் என்று மட்டும் சொன்னேன், அவருடைய கழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. டியூக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

மேடவாக்கம்150 எழுதியது (மூன்று வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னியுங்கள், எல்லாவற்றையும் செய்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதலில் ஸ்பீட் 400ஐ ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். அடுத்த ஞாயிறு ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் கெரில்லாவைக் கொடுத்தார். இரண்டையும் ஒரே வழியில் ஓட்டினேன்: மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆர், திரும்பி வந்து மனைவியுடன் செங்கல்பட்டு தாண்டி அச்சிறுபாக்கம் வரை.

தனியாக ஓட்டும்போது ஸ்பீட் 400 என்னைச் சிறுவனாக்கிவிட்டது. இதை மறைக்க விரும்பவில்லை. திரும்பும் சுறுசுறுப்பு, பிரேக், திராட்டில் பதில் எல்லாமே அருமை. யூ டர்னில் காலை ஊன்றவே இல்லை. பேஸ்மெண்ட் சரிவில் பின்னுக்குத் தள்ளுவதும் எளிது. ஆபீஸுக்கு மட்டும் வண்டி என்றால் இந்த இழை இத்தோடு முடிந்திருக்கும். ஒன்றே ஒன்று, கண்ணாடிகள் கைப்பிடி நுனியில் இருக்கின்றன. பார்க்க அழகு, பின்னால் தெரிவதும் நன்றாக இருக்கிறது. ஆனால் வேன்களுக்கு நடுவே நுழையும்போது அகலத்தை மனதில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

15 கிமீ சோதனையில் கோவை அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. கெரில்லா இரண்டாவது கியரில் முனகாமல் இழுத்தது. மற்றதில் முதல் கியருக்குப் போகத் தோன்றியது. வெப்பம் இரண்டிலும் உண்டு. பகல் ஒன்றரைக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் எந்த வண்டியில் நின்றாலும் அனல்தான், அதை வைத்து எதையும் ஒதுக்க எனக்கு மனமில்லை.

நெடுஞ்சாலையில் மனைவியும் ஒரு பையும். 80இலிருந்து லாரியை முந்த ஸ்பீட் 400இல் ஒரு கியர் குறைத்தேன், பறந்தது. கெரில்லாவில் குறைக்காமலே போனது. மதுராந்தகம் ஏரியை ஒட்டி வரும்போது மனைவி தானாகவே தோளில் தட்டி, "இதில் மூச்சு வாங்கவில்லையே" என்றாள். வண்டியைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா தெரியவில்லை.

அச்சிறுபாக்கத்தில் இறங்கி அந்தக் கேள்வியைக் கேட்டேன், இரண்டு வாரமும் ஒரே டீக்கடையில். முதல் வாரம் கொஞ்சம் யோசித்து, "செஞ்சி வரைக்கும் வருவேன், திண்டிவனத்தில் ஒரு தடவை நிறுத்துங்கள்" என்றாள். இரண்டாவது வாரம் யோசிக்கவில்லை. "வீடு வரைக்கும் வருவேன்" என்றாள்.

கெரில்லாவுக்குப் பணம் கட்டியாயிற்று. 13 லிட்டர் டேங்கையும் டிராக்‌ஷன் கண்ட்ரோலையும் விட்டுக்கொடுக்கிறேன் என்பது தெரிந்துதான் செய்தேன். அந்த பிரேக்கை நினைத்தால் இன்னும் கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பின்சீட்டிலிருந்து எழுதியது:

மனசு நிறைந்துவிட்டது அண்ணா. புடவையில் வந்தாரா? சாரி கார்டு அழகைக் கெடுக்கிறது என்று ஷோரூமிலேயே கழற்றச் சொல்லிவிடாதீர்கள்.

கோவைபட்டறை எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. முதல் சர்வீஸ் வரை கையேட்டில் போட்டிருக்கும் ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம், ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டவும் வேண்டாம். பின் சஸ்பென்ஷன் பிரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) டெலிவரி அன்றே உங்கள் இருவர் எடைக்கும் திருத்தித் தரச் சொல்லுங்கள். தனியாக ஓட்டும் எடைக்கு வைத்துக் கொடுத்துவிடுவார்கள், பின்னால் இருப்பவர் பள்ளத்தில் அடிவாங்குவார். பழைய 150ஐ என்ன செய்யப் போகிறீர்கள்?

மேடவாக்கம்150 எழுதியது:

பிரீலோடைக் குறித்துக்கொண்டேன் அண்ணா. சாரி கார்டு அப்படியே இருக்கும் சகோதரி. புடவையில்தான் வந்தாள்.

பழைய வண்டியை விற்கவில்லை. அப்பா கேட்டார், வயலுக்குப் போய் வர. அடுத்த மாதம் இரண்டு வண்டியையும் ஓட்டிக்கொண்டு போக ஆள் தேட வேண்டும். செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றிவிட்டுத்தான் கொடுக்கப் போகிறேன்.